அட்டையில் இல்லாதது

என் அக்கா மகளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றுவதற்குள் அன்றைக்கு நடந்த அத்தனையையும் ஒலிபரப்பி முடித்துவிடுவாள். அக்கா தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, நடுவில் கொஞ்சம் மூச்சும் விட்டுக்கொள்ளடி என்பாள். அத்தான் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருப்பதைவிட வழியில் இருப்பதுதான் அதிகம். அதனால் பள்ளிக்கூடத்து விஷயங்கள் எல்லாம் என் பொறுப்பு. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் எனக்கு மதியம் கடை மூடும் நேரத்தில் போய்வர முடியும்.

அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். சின்ன வயதுப் பெண். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். உடற்பயிற்சி வகுப்பை எந்த முறையில் நடத்தினால் பிள்ளைகள் நன்றாகக் கற்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவருடைய ஆராய்ச்சி. ஒரு பிரிவில் பி.டி. டீச்சர் வழக்கம்போல விசில் ஊதிச் சொல்லித்தருவார். எங்கள் பெண் இருந்த பிரிவில் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக நிற்க வேண்டும். ஒருத்தி செய்வாள், மற்றவள் கையில் ஓர் அட்டையோடு பார்த்துத் திருத்துவாள். ஓடி வரும் வேகம், பலகையை மிதிக்கும் விதம், கை ஊன்றுவது, முழங்காலை மடக்கி இறங்குவது என்று கவனிக்க வேண்டியதெல்லாம் அட்டையில் அச்சடித்திருந்தது. அதில் உள்ளதை மட்டும்தான் சொல்லலாம். ஆளுக்கு ஒன்று சொன்னால் எந்த முறை நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டீச்சருக்கும் ஒரு விதி உண்டு. செய்கிறவளிடம் அவர் நேரே பேசவே கூடாது. தவறு கண்ணில் பட்டால், அட்டை வைத்திருப்பவளைப் பார்த்துத் தன் காதைத் தொட வேண்டும். 'நீ சொல்லு' என்று அதற்கு அர்த்தம். வாய் திறந்தால் அந்த ஜோடி ஆராய்ச்சிக் கணக்கில் சேராது. இருபது வருஷமாக விசிலும் கையுமாக இருந்த மனுஷிக்கு வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது லேசா? முதல் வாரம் நாலைந்து ஜோடி அவரால் வீணாய்ப் போயிற்று. ஆய்வாளர் கோபித்துக்கொள்ளவில்லை, முகம் வாடிவிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு டீச்சர் விசிலைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டார்.

ரேடியோ மட்டும் முதல் நாளிலிருந்தே பிசகவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஆய்வாளர் என்னைத் தனியாக அழைத்து, அட்டை வைத்துப் பார்க்கிறவர்களில் இவள்தான் முதல், ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னதில்லை என்றார். அக்காவிடம் சொன்னேன். எங்கள் ரேடியோவுக்கு இவ்வளவு நாள் கழித்து யாரோ சுவிட்ச் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவள் சிரித்தாள். எனக்கும் பெருமைதான். சீட்டில் எழுதியதற்கு மேல் ஒரு மாத்திரைகூட எடுத்துக் கொடுக்காத தொழில் என்னுடையது. பெண் மாமனைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று கடையிலும் சொல்லித் திரிந்தேன்.

அவளோடு ஜோடி சேர்ந்தவள் அடுத்த தெரு வேன் டிரைவரின் மகள். வகுப்பிலேயே உயரம் என்பதால் நெட்டை. அவர்கள் இருவரும் சேர்ந்து நடந்துபோனால் ஒட்டடைக்கம்பும் முறமும் போகுது என்று பையன்கள் கத்துவார்கள். ஒட்டடைக்கம்பு திரும்பி நின்று, முறத்தால் அடி வாங்கணுமா என்று கேட்கும்.

அன்றைக்குப் பெட்டி தாண்டும் பாடம். ஓடி வந்து, பலகையை மிதித்து, மரப்பெட்டியின் மேல் கை ஊன்றித் தாண்டி, அந்தப் பக்கம் மெத்தையில் இறங்க வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு மெத்தைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் குதித்துக் குதித்து மெத்தைகள் மெல்ல விலகி, நடுவில் ஒரு பாத அகலத்துக்கு வெறும் சிமெண்டுத் தரை தெரிந்தது. நெட்டை ஓடி வந்தாள். அழகாகத் தாண்டினாள். ஒரு கால் அந்த இடைவெளியில் இறங்கி மடங்கியது. பின்பக்கமாக விழுந்ததில் பெட்டியின் விளிம்பு அவள் நடுமுதுகில் இடித்தது.

இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்றார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அதையேதான் சொன்னார்கள்.

ரேடியோ நின்றுபோயிற்று. கேட்டதற்குத் தலையாட்டல், சாப்பிடக் கூப்பிட்டால் வந்து உட்காருதல், அவ்வளவே. அக்கா மெஷினை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை. ஒரு சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"மெத்த விலகினத நான் பாத்தேன் மாமா. டீச்சரும் பாத்தாங்க."

அவ்வளவு சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

தலைமையாசிரியர் அறையில் விசாரணை வைத்தார்கள். தலைமையாசிரியர், ஆய்வாளர், பி.டி. டீச்சர், நெட்டையின் அப்பா, நானும் எங்கள் பெண்ணும். வேன் டிரைவர் சாவிக்கொத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். வகுப்பைப் படம் பிடித்திருந்த கேமராப் பதிவை ஆய்வாளர் மடிக்கணினியில் போட்டுக் காட்டினார்.

படத்தில் எங்கள் பெண் நன்றாகத் தெரிந்தாள். மெத்தையைப் பார்க்கிறாள். தலையைத் திருப்பி, படத்துக்கு வெளியே யாரையோ பார்க்கிறாள். பிறகு குனிந்து கையிலிருக்கும் அட்டையைப் பார்க்கிறாள். அட்டையின் மேல் விரல் வரிவரியாக இறங்குகிறது. நெட்டை விழுகிறாள்.

டீச்சர் நின்ற இடம் படத்தில் வரவில்லை.

தலைமையாசிரியர், மெத்தை விலகியதைக் கவனித்தீர்களா என்று டீச்சரைக் கேட்டார். அவர் குனிந்தபடியே, நான் வேறொரு ஜோடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். அப்படியானால் பார்த்தது இந்தப் பெண் ஒருத்திதான் என்று ஆகிறது என்றார் தலைமையாசிரியர், யாரிடமும் என்றில்லாமல். வேன் டிரைவர் முதல் தடவையாக நிமிர்ந்தார். அவர் பார்த்தது எங்கள் பெண்ணை. அந்தப் பார்வையை அவள் ஆயுசுக்கும் சுமக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவ என்கிட்ட வேற மாதிரி சொன்னா சார் என்று ஆரம்பித்தேன். உங்களிடம் சொன்னது இருக்கட்டும், அவளே சொல்லட்டும் என்று தலைமையாசிரியர் நிறுத்தினார்.

அவள் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை அது. வகுப்பில் பழகிய பார்வை. சொல்லலாமா என்று கேட்கும் பார்வை. படத்தில் நாங்கள் கண்ட அதே திருப்பம், அதே காத்திருப்பு.

டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கை மெல்ல உயர்ந்து தன் காதைத் தொட்டது.

"அன்னிக்கும் டீச்சர் இப்படித்தான் காதைத் தொட்டாங்க," என்றாள் அவள். "நான் அட்டையில தேடினேன். மெத்தைன்னு எதுவும் இல்ல."

ஆய்வாளர் மடிக்கணினியை மூடினார். டீச்சர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்:

"ஒரு சத்தம் போட்டிருந்தா போதும் சார், ஆனா அந்த ஜோடி வீணாயிடுமேன்னு நெனச்சேன்."

வேன் டிரைவர் எழுந்து வெளியே போனார். பள்ளிச் சுவரோரம் நின்றிருந்த வேனில் ஏறினார். ரொம்ப நேரம் அது கிளம்பவே இல்லை.

டீச்சரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு பள்ளிகளில் ஆராய்ச்சி தொடர்ந்தது. அட்டையில் மெத்தையைப் பற்றி ஒரு வரி சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

விசாரணை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரேடியோவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே நடந்ததைப் பிறகு நெட்டையின் அம்மா சொன்னாள். எங்கள் பெண் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னாளாம். நெட்டை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீ எனக்குத்தானேடி ஜோடி," என்றாளாம். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாளாம்.

சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்தேன். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தமாக, "மாமா, பள்ளம்!" என்றாள். வழியில் பள்ளம் இருக்கத்தான் செய்தது, ஆனால் எங்கோ ஓரத்தில். "பஸ் வருது மாமா." பஸ் எதிர்ச்சாரியில் போய்க்கொண்டிருந்தது. "அந்த அம்மா குறுக்க வரப் போறாங்க. அங்க கல்லு. கதவத் தொறக்குறாங்க பாருங்க."

வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். மகளின் குரலைக் கேட்டு அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "அம்மா, கீழ படி," என்றாள் மகள். "அம்மா, மெஷின்ல ஊசி இருக்கு."

ரேடியோ திரும்பப் பேச ஆரம்பித்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அதில் இந்த ஒரு நிலையம்தான். அடுப்பு, படி, ஈரத்தரை, லாரியில் கிளம்பும் அப்பா. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் நின்று, திரும்பிப் பார்த்து, பார்த்துட்டேம்மா என்று பதில் சொல்கிறோம். சொல்லாவிட்டால் அவள் நிறுத்துவதில்லை.