அச்சில் ‘அவள்’ என்றுதான் இருந்தது

லோகப்பிரியா பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் அவளுடைய கவிதைப் புத்தகம் வந்தது. அம்மா ராசாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்கள் யாரையும், “எம்புள்ள எழுதுனதுங்க” என்று அதை எடுத்துக் காட்டாமல் அனுப்பியதில்லை.

அதில் பதினொரு வரியில் ஒரு கவிதை. கணவன் மாட்டுக் கயிற்றால் மனைவியை அடிக்கிறான். விடிந்ததும் அவள் அவன் குளிக்கத் தண்ணீர் காய வைக்கிறாள். அச்சில் அவளுக்குப் பெயர் இல்லை. படித்தவர்கள் யாரோ ஒருத்தி என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினார்கள். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

சரவணம்பட்டிக் கல்லூரி ஒன்றில் கவிதை சொல்லும் விழாவுக்கு அழைப்பு வந்தது. “தாளப் பாத்துப் படிக்காதீங்க அக்கா, ஆளுகளப் பாத்துச் சொல்லுங்க” என்றான் விழாவை நடத்திய ஹர்ஷா. அம்மாவும் கிளம்பினாள். “நீ எழுதுனத ஒருநாளாச்சும் நாங் கேக்கோணும் கண்ணு.”

அம்மா வருகிறாளே என்று மழைக் கவிதையைத்தான் லோகப்பிரியா மனப்பாடம் செய்திருந்தாள். நாலு வரி சொல்வதற்குள் பிள்ளைகள் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவளுக்கு முகம் சுட்டது. நிறுத்தினாள். கயிற்றுக் கவிதையைத் தொடங்கினாள். அரங்கம் அடங்கியது. ஆறாவது வரியில் ‘அவள்’ வர வேண்டிய இடத்தில் வாய் ‘எங்கம்மா’ என்றது.

ஒரே கைதட்டல். “ஒன்ஸ் மோர்!”

மறுபடி சொன்னாள். இந்த முறை கையையும் ஓங்கிக் காட்டினாள். அப்போதுதான் முதல் வரிசையில் அம்மா முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடுவது தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெண் அம்மாவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ் துடியலூர் தாண்டியதும் அம்மா கேட்டாள்.

“அந்தப் புஸ்தகத்துல இருந்தது இதுதானா?”

“அதுல உம் பேரு இல்லம்மா. ஆருக்கும் தெரியாது.”

“ஊட்டுக்கு வந்தவங்களுக்கெல்லாம் நானே சிரிச்சுட்டே எடுத்துக் காட்டிப்போட்டனே.”

“உனக்காகத்தாம்மா எழுதுனேன்.”

“எழுதுனது சரி. ரெண்டாந்தரம் எதுக்குச் சொன்ன?”



விழாவில் எடுத்த வீடியோவை ஹர்ஷா இணையத்தில் போட, அது பரவியது. அப்பாவின் அண்ணன் பாலுசாமி போனில் கூப்பிட்டு, அம்மாவைத்தான் திட்டினார்: “செத்தவன் மானத்த ஏலம் போடச் சொல்லிக் குடுத்தியா?” அம்மா போனை வைத்தாள். அதன்பிறகு விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். மகளிடம் சோறு எடுத்து வைத்திருப்பதை மட்டும் சொன்னாள்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி லோகப்பிரியா ஹர்ஷாவிடம் போனில் கேட்டாள். “நாலு லட்சம் பேர் பாத்துட்டாங்க அக்கா, இனி எடுத்து என்னங்க ஆகப்போகுது?” என்றவன், போத்தனூரில் அடுத்த மாதம் ஒரு மேடை இருப்பதாகச் சொன்னான். “அதே கவிதைதான் வேணுமாம்.”

உள்ளே அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். லோகப்பிரியா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

“எத்தன நிமிசம் குடுப்பாங்க?” என்று கேட்டாள்.