பத்தாம் நம்பர் மாப்பிள்ளை

மணி மூன்று ஐம்பது. இறுதிப் போட்டிக்குப் பத்தே நிமிடம். அரியலூர் டவுனுக்கு வெளியே, லாரி ஷெட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்திருந்தார்கள். பாடாலூர் அணியின் கேப்டன் முத்தமிழ்ச்செல்வன் கமிட்டி மேசையை நோக்கி விறுவிறுவென்று நடந்தான். கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

"ஆட்சேபணைங்க," என்று மேசைமேல் வைத்தான்.

கமிட்டித் தலைவர் அண்ணாதுரை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். இரண்டே வரி. விக்கிரமங்கலம் அணியின் பத்தாம் நம்பர் ஆட்டக்காரர் தமிழரசன் விக்கிரமங்கலத்துக்காரர் இல்லை, பாடாலூர்க்காரர். ஆகவே ஆடக்கூடாது.

இருபதடி தள்ளிக் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த தமிழரசனின் விரல்கள் அப்படியே நின்றன.

ஆட்சேபணை பொய்யில்லை. அவன் பிறந்தது, வளர்ந்தது, முதல் பந்தை உதைத்தது எல்லாமே பாடாலூரில், ஹைவேக்குப் பக்கத்தில்தான். சிமென்ட் ஆலையில் எலெக்ட்ரீஷியன் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் விக்கிரமங்கலத்து மேகலாவைக் கட்டினான். மேகலா பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், ஊர் அணிக்குக் கோச்சும் அவள்தான். கல்யாணமான மறுவாரமே மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன், இன்றுவரை திரும்பிப் போகவில்லை.

ஆனால் 'வீட்டோட மாப்பிள்ளை' என்று யாராவது சொன்னால் மட்டும் அவனுக்கு மூக்கு விடைத்துவிடும். அதற்காகவே மாமனார் வீட்டுக்கு எதிரில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துப் பூட்டி வைத்திருந்தான். சாப்பாடு, தூக்கம், டி.வி. எல்லாம் மாமனார் வீட்டில். விலாசம் மட்டும் எதிர் வீட்டில். பாடாலூரில் அவன் அப்பா வைத்திலிங்கம், எம்மவன் தனிக்குடித்தனம் இருக்கான் என்று பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

யார் எந்த ஊருக்கு ஆடலாம் என்ற விதி எழுதப்பட்ட கதை தனி.

விக்கிரமங்கலத்தில் கொளஞ்சியின் பஞ்சர் கடைதான் கால்பந்து ரசிகர்களின் பார்லிமென்ட். எந்த கிளப் யாரை எத்தனை கோடிக்கு வாங்குகிறது, வாங்கியது வெட்டியா லாபமா என்று தினமும் சாயங்காலம் அங்கே வாக்குவாதம் நடக்கும். இங்கிலாந்தில் ஒரு ஆட்டக்காரனின் ஒரு வாரச் சம்பளத்தில் நம் ஏரியைத் தூர் வாரிக் கரையும் கட்டலாம் என்பான் கொளஞ்சி. கட்டிட்டு, அந்தாளை எந்த வரப்புல ஓட விடுவே என்று இன்னொருத்தன் கேட்பான். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிற நம் வம்சாவளிப் பையன்களை இந்தியாவுக்கு ஆட விடலாமா என்ற கேள்வி வந்தால் மட்டும் கடை இரண்டாகப் பிளந்துவிடும். ஒரு முறை அந்தச் சண்டையில் டியூபுக்குக் காற்றடிக்கக் கொடுத்துவிட்டு ஒரு வாத்தியார் முக்கால் மணி நேரம் நின்றார்.

இந்தக் கூட்டத்தின் வக்கீல் ராசாங்கம். இ-சேவை மையம் வைத்திருக்கிறவர். விதி, படிவம், கையெழுத்து என்றால் உயிர். போன வருடம் போட்டிக்குச் சில ஊர்கள் திருச்சியிலிருந்து சம்பளத்துக்கு ஆள் இறக்கிவிட்டன. கோப்பை கைமாறியது, கலாட்டாவும் ஆனது. இந்த வருடம் விதி எழுதித் தரச் சொல்லி கமிட்டி ராசாங்கத்திடம்தான் வந்தது. அவர் செல்போனில் ஃபிஃபா விதியைத் திறந்து வைத்துக்கொண்டு, நாடு என்ற இடத்திலெல்லாம் ஊர் என்று போட்டார். அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும். அல்லது அப்பா அம்மா, தாத்தா பாட்டி யாராவது பிறந்திருக்க வேண்டும். அல்லது பதினெட்டு வயதுக்கு மேல் ஐந்து வருடம் குடியிருந்திருக்க வேண்டும்.

பெண் எடுத்த ஊர் கணக்கில் வருமா என்று யாரோ கேட்டார்கள். கல்யாணத்தை ஃபிஃபாவே ஒத்துக்கல என்று ராசாங்கம் அடித்துச் சொல்லிவிட்டார். அண்ணாதுரைதான் பேனாவை வாங்கிக் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: வீட்டோட மாப்பிள்ளைக்கு இந்த ஐந்து வருட நிபந்தனை கிடையாது, அவர் ஆடலாம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. லால்குடிக்காரரான அண்ணாதுரை அரியலூரில் மாமனார் வீட்டில் இருந்துகொண்டு, மாமனாரின் ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொள்வது பத்தொன்பதாவது வருடமாக நடக்கிறது.

முதல் மூன்று ஆட்டங்களில் தமிழரசனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இறுதிப் போட்டிக்கு எங்கள் பக்கம் வந்துவிடு, இரண்டாயிரமும் பெட்ரோலும் தருகிறோம் என்று பாடாலூர் நான்கு நாளைக்கு முன்னால் தூது விட்டது. இரண்டு வருடமாக இந்தப் பையன்களோடு ஏரிக்கரையில் ஓடியவன் அவன். முடியாது என்றான். அதன் விளைவுதான் இப்போது மேசைமேல் கிடந்த தாள்.

அண்ணாதுரை ராசாங்கத்தைக் கூப்பிட்டு விதியைப் படிக்கச் சொன்னார். சொந்த அணிக்கே ஆப்பு என்று தெரிந்தும் ராசாங்கம் ஒரு வார்த்தை விடாமல் படித்தார். பிறக்கவில்லை. தாத்தா பாட்டி இல்லை. ஐந்து வருடமும் இல்லை. மீதி இருப்பது கடைசி வரி.

"அதுவும் செல்லாதுங்க," என்றான் முத்தமிழ்ச்செல்வன். "தனியா வாடகை வூடு எடுத்துருக்கான். அவங்கப்பாவே ஊரு பூரா சொல்லியிருக்காரு. அதோ உக்காந்துருக்காரு, கேட்டுப் பாருங்க."

எல்லோரும் திரும்பினார்கள். பாடாலூர் ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம், வெள்ளை வேட்டியில், முதல் வரிசையில் வைத்திலிங்கம். வேனில் எல்லோரோடும் ஆட்டம் பார்க்க வந்திருந்தார்.

அண்ணாதுரை தமிழரசனைப் பக்கத்தில் அழைத்தார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அப்பாவைக் கேட்க வேண்டாம். நீயே மைக்கில் சொன்னால் போதும். வீட்டோட மாப்பிள்ளை என்றால் ஆடலாம். இல்லை என்றால் வெளியே உட்கார வேண்டும். ஐந்து நிமிடம்.

தமிழரசன் மைக்கைப் பார்த்தான். ஆடியே ஆக வேண்டும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை, அப்பா எதிரில், ஐந்நூறு பேர் நடுவில், ஒலிபெருக்கியில்!

மேகலா விசிலைக் கழுத்தில் மாட்டியபடி வந்து நின்றாள்.

"நான் உங்களைச் சொல்லச் சொல்ல மாட்டேன்," என்றாள். "மாத்து ஆளு ரெடியா இருக்கான். தோத்தாலும் பரவால்ல. ஆனா ரெண்டு நிமிசத்துல முடிவு சொல்லுங்க, டீம் லிஸ்ட் குடுக்கணும்."

மனைவி மாதிரி பேசவில்லை. கோச் மாதிரிதான் பேசினாள். அதுதான் அவனுக்குத் தெம்பு கொடுத்தது. மைக்கை வாங்கினான். ஒலிபெருக்கி ஒரு தடவை கீச்சிட்டு அடங்கியது.

"எம் பேரு தமிழரசன். பாடாலூர் வைத்திலிங்கம் மவன்." நிறுத்தினான். மைதானமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. "விக்கிரமங்கலத்துல வீட்டோட மாப்பிள்ளை. ரெண்டு வருசமா."

எங்கிருந்தோ ஒரு விசில் வந்தது. சிரிப்பு கிளம்பியது. அவன் பயந்த அளவுக்குப் பெரிய சிரிப்பில்லை.

"அப்ப அந்த வாடகை வூடு?" முத்தமிழ்ச்செல்வன் விடவில்லை.

"அதுல எஞ் சைக்கிள் குடியிருக்கு."

இப்போது சிரித்தது பாடாலூர்ப் பக்கம். முத்தமிழ்ச்செல்வனுக்கே உதடு பிரிந்துவிட்டது. அண்ணாதுரை ஆட்சேபணைத் தாளில் 'தள்ளுபடி' என்று எழுதி, வழக்கமாகப் போடுவதைவிடப் பெரிதாக ஒரு கையெழுத்துப் போட்டார்.

வைத்திலிங்கம் எழுந்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தார். நடுவர் கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். தமிழரசன் தலையைக் குனிந்தான். அவர் மகனைத் தாண்டிப் போய் மருமகள் எதிரில் நின்றார்.

"ஏம்மா மேகலா. பொங்கலுக்கு வந்தப்ப என்னைய அந்தப் பூட்டுன வூட்டத் தொறந்து உக்கார வச்சிட்டு, தெருவத் தாண்டிக் கொழம்பத் தூக்கியாந்தியே. வந்து சேர்றதுக்குள்ள ஆறிப்போச்சு."

"ஆமாங்க மாமா. உங்க மவன் சொன்னதாலதான் செஞ்சேன்."

"நானும் அவனுக்காவத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அவனுக்கு ரோசம்னு நெனச்சேன்." மகனைத் திரும்பிப் பார்த்தார். "நீ எனக்கு ரோசம்னு நெனச்சிருக்க. இன்னிக்கு ராத்திரி சம்பந்தி வூட்டுலயே சாப்புட்டுப் போறேன். வேனுல போறவங்க போவட்டும்."

தமிழரசன் தலையை நிமிர்த்தினான். அப்பா என்று ஆரம்பித்தான்.

"அதெல்லாம் அப்புறம்," என்றார் வைத்திலிங்கம். "ஆட்டத்துல எங்க ஊருதான் செயிக்கணும், சொல்லிட்டேன்." வந்த வழியே நடந்து பாடாலூர்ப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. ஒரு அணிக்கு ஏழு பேர், பாதிக்கு இருபது நிமிடம். முதல் பாதியில் அணிக்கு ஒரு கோல். இரண்டாவது பாதி முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது பந்து தமிழரசன் காலுக்கு வந்தது. எதிரே முத்தமிழ்ச்செல்வன் ஒருவன்தான். அவனுக்குப் பின்னால் கோல்கீப்பர்.

வைத்திலிங்கம் பெஞ்சுமேல் ஏறி நின்று கத்தினார். "டேய் முத்தமிழு! அவனுக்கு இடது காலு மட்டுந்தான்டா! வலது பக்கமா ஒதுக்கி வுடு, ஒண்ணும் கிழிக்க மாட்டான்!"

இருபத்தைந்து வருடம் மகனைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியாமலா இருக்கும்? முத்தமிழ்ச்செல்வன் இடது பக்கத்தை அடைத்தான். தமிழரசனுக்கு வலது பக்கம் மட்டுமே திறந்திருந்தது.

ஏரி மதகுச் சுவரில், தினமும் சாயங்காலம், வலது காலால் மட்டும் நூறு உதை என்று மேகலா கணக்கு வைத்திருந்த விஷயத்தைப் பாடாலூருக்கு யாரும் சொல்லவில்லை.

வலது காலால் அடித்தான். பந்து தரையோடு தரையாகச் சீறி, கம்பத்தின் உள்பக்கம் பட்டு வலைக்குள் போனது.

விக்கிரமங்கலம் பக்கம் வெடித்தது. கொளஞ்சி ராசாங்கத்தைத் தூக்கிச் சுற்றினான். பாடாலூர்ப் பக்கம் ஒரே மௌனம், ஒரு ஆளின் கைதட்டலைத் தவிர.

நாலைந்து முறை தட்டிய பிறகுதான், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பது வைத்திலிங்கத்துக்குத் தெரிந்தது.