தாளிக்காத குழம்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒருவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன், அதனால் அவருக்கு வேலை போகும் நிலைமை வந்தது. கட்டுரையில் செய்த தப்பைக் கதையில் சரிசெய்துவிடலாம் என்று மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இது ஒன்பதாவது தடவை. முந்தைய எட்டையும் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று.

என் பெயர் வசந்தாமணி. ராசிபுரத்தில் டீச்சர். 1983 தொடக்கத்தில் ஒரு வார இதழ், சமையல்காரர்களோடு பேசி ஒரு தொடர் எழுதச் சொன்னது. கூடவே ஒரு கேள்வித்தாளையும் அனுப்பியது. உணவு என்றால் என்ன? சமையலில் கற்பனைக்கு இடமுண்டா? நம் பண்பாடு அதில் எப்படி வாழ்கிறது? வீணாக்காமல் சமைப்பது எப்படி? பரீட்சை வைப்பது எனக்குப் பழக்கம்தானே, கிளம்பிவிட்டேன்.

முதலில் சேலத்தில் ஒரு ஹோட்டல் சமையல்காரர், யாகப்பன். கற்பனை என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து சாம்பார் மாதிரியே இன்னைக்கும் இருக்கும்னுதாங்க வர்றாங்க. நான் கற்பனை பண்ணா எலையிலயே வெச்சிட்டுப் போயிருவாங்க." (யாகப்பனுக்கு இந்தக் கதையில் இனி வேலையில்லை. ஆனால் உள்ளதை உள்ளபடி பரிமாறச் சொன்ன மனிதர் அவர்தான். அன்றே காதில் வாங்கியிருக்க வேண்டும்.)

2

"திருச்செங்கோட்டில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது ஒரு போர் வண்டி—" வேண்டாம். எல்லாக் கதையிலும் வெயில்தான் கொளுத்துகிறது.

"சின்னண்ணன் ஒரு மகத்தான கலைஞ—" ஐயோ, இதைப் படித்துக் காட்டினால் சின்னண்ணனே சிரிப்பார்.

நேராகவே சொல்கிறேன். சின்னண்ணன் போர் வண்டிச் சமையல்காரர். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி அது. அதில் பத்து ஆட்கள், பத்துப் பேருக்கும் மூன்று வேளையும் இவர் கைச் சோறுதான். ஐம்பது வயது, ஒல்லி. நான் போனபோது லாரி நிழலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"கற்பனைன்னா என்னங்க டீச்சர்?"

"புதுசா யோசிக்கறதுங்க."

"காய் இல்லாதப்பக் கொழம்பு வெக்கறதுங்களா? அது தெனமும் உண்டுங்க."

வீணாக்காமல் சமைப்பது பற்றிக் கேட்டேன். தண்ணீர் தேடிப் போகும் வண்டியில் தண்ணீர் இருக்காது என்றார். போகிற இடத்தில் தரும் நாலு குடம்தான். அரிசி களைந்த தண்ணீரில் பருப்பு வேகும். தட்டுகளை மண் போட்டுத் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுவார்கள். "அந்த நாலு கொடமும் அவிங்க குடிக்கறத உட்டுப்போட்டுக் குடுக்கறதுங்க. அதுல கை கழுவறதுக்கே கூச்சமா இருக்கும்."

பிறகு, நான் கேட்காமலே ஒன்று சொன்னார்.

"தண்ணி வராத காட்டுல நான் தாளிக்க மாட்டனுங்க."

(எங்கள் பக்கத்தில் புன்செய் நிலத்தைக் காடு என்போம்.)

ஆந்திராப் பக்கம் ஒரு காட்டில் முந்நூறு அடிக்கும் புழுதிதான் வந்ததாம். இவர் வழக்கம்போல எண்ணெயைக் காயவைத்து, கடுகு போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டார். காற்று வாட்டத்தில் வாசம் காட்டுக்காரர் வீட்டுக்குள் போனது. அந்த வீட்டில் அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. வீட்டுக்கார அம்மா வெளியே வந்து இவரைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பட்டினி கெடந்தவங்க ஊட்டு முன்னால மணக்க மணக்கத் தாளிச்சிருக்கறனுங்க. அதுலிருந்து, தண்ணி வரலீன்னா வெறும் புளியும் பருப்பும்தான். எங்காளுங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வெளிய ஆருகிட்டயும் சொன்னதில்லீங்க."

'யாரிடமும் சொன்னதில்லை' என்று நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டேன்.*

* அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடு இரண்டு தடவை போட்டிருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

3

கட்டுரையில் நான் எழுதிய வரி இது: 'சின்னண்ணன் அடுப்பில் கடுகு வெடிக்காவிட்டால் அந்தக் காட்டில் தண்ணீர் இல்லை.' எழுதி முடித்ததும் எனக்கு அப்படி ஒரு பெருமை! அடுத்தவர் துக்கத்தை மதித்து அவர் செய்ததை நான் ஜோசியமாக்கி வைத்தேன். பத்திரிகைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், 'தண்ணீர் வருமா? தாளிப்பு சொல்லும்!' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டார்கள்.

அது வறட்சிக் காலம். கிணறுகள் வற்றி ஆளாளுக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். (போர் போடப் போடத்தான் பக்கத்துக் கிணறுகள் வற்றுகின்றன என்றும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை வெட்டிவிட்டார்கள். எங்கே வைப்பது என்று இப்போதும் தெரியவில்லை, இங்கேயே கிடக்கட்டும்.) கட்டுரை வந்த பிறகு காட்டுக்காரர்கள் பைப்பை விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஜேடர்பாளையம் போகும் வழியில் ஒருவர், சின்னண்ணன் தாளிக்காமலே குழம்பை இறக்கியதைப் பார்த்துவிட்டு, நூற்றெண்பது அடியிலேயே வண்டியை நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்குக் கடுகு தீர்ந்துபோயிருந்தது, விஷயம் அவ்வளவுதான்.

வண்டி முதலாளி கருப்பண்ணன் சின்னண்ணனைக் கூப்பிட்டார். "இனிமேல்ட்டு தண்ணி வந்தாலும் தாளி, வராட்டியும் தாளி. முடியாதுன்னா வண்டிய உட்டு எறங்கிக்கப்பா."

இதை என் வீட்டுக்கு வந்து சொன்னவர் சின்னண்ணன்தான். திட்டவே இல்லை. திட்டித் தீர்த்திருந்தால் நான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"நீங்க நல்லாத்தான் எழுதியிருக்கறீங்களாமா. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, டிரைவர் படிச்சுக் காட்டுனாப்ல."

"இப்ப என்னங்க செய்யப்போறீங்க?"

"வேற வேல தெரியாதுங்க டீச்சர். ரெண்டு புள்ளைங்களக் கட்டிக் குடுக்கோணும். ஆனா அந்தம்மா கதவச் சாத்துனது கண்ணுக்குள்ளயே நிக்குதுங்களே."

4

வெண்ணந்தூரில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காடு. கிணறு வற்றி, கடலைச் செடி காய்ந்துகொண்டிருந்தது. கருப்பண்ணன் வண்டிதான் வரவேண்டும், சின்னண்ணன்தான் சமைக்க வரவேண்டும் என்று வீட்டுக்காரர் மணியனிடம் ஒற்றைக்காலில் நின்றேன். தண்ணீர் வரும், சின்னண்ணன் சந்தோஷமாகத் தாளிப்பார், முதலாளியும் வாயை மூடிக்கொள்வார் என்று எனக்கு ஓர் எண்ணம். போர் போடுவதைக் குறை சொல்லிப் பத்தி எழுதியவள்தான் என் காட்டுக்கும் போர் வண்டியைக் கூப்பிட்டேன். அதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

மே மாதம், காலை ஏழு மணிக்கு பைப்பை இறக்கினார்கள். நூறு அடியில் புழுதி. இருநூறிலும் புழுதி. பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் பைப்புக்குப் பக்கத்தில் நின்றார்கள், மீதிப் பேர் அடுப்புக்குப் பக்கத்தில். மத்தியானம் முந்நூற்று நாற்பது அடியில் வண்டியை நிறுத்தினார்கள். தலையெல்லாம் வெள்ளைப் புழுதியாக மணியன் வந்து கீழே கிடந்த பைப்பின் மேல் உட்கார்ந்தார். "போச்சு புள்ள" என்றார்.

கருப்பண்ணன் அடுப்புப் பக்கம் வந்து குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சின்னண்ணா, இத்தன பேரு பாத்துட்டு நிக்கறாங்க. இன்னைக்கு நீ தாளிக்காட்டி அந்தக் கத நெசமாயிரும். அப்பறம் ஒருத்தனும் என்ற வண்டியக் கூப்புட மாட்டான்."

குழம்பு கொதித்து இறங்கியிருந்தது. சின்னண்ணன் வாணலியை அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்றினார்.

5

முடிவு ஒன்று: கடைசியாக ஒரு பைப்பை இறக்குகிறார்கள், தண்ணீர் பீறிட்டு எல்லோரையும் நனைக்கிறது, அடுப்பில் கடுகு வெடிக்கிறது. இதை நாலு தடவை எழுதினேன். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. சுத்தப் பொய். எங்கள் காட்டில் தண்ணீர் வரவில்லை.

முடிவு இரண்டு: சின்னண்ணன் வாணலியை இறக்கி வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏற நடக்கிறார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கைதட்டு எனக்கு, கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்கள் அவருக்கு.

முடிவு மூன்று: காட்டுக்காரி நான். நானே போய்க் கடுகை அள்ளிப் போடுகிறேன். "எங்க காட்டுல நானே தாளிக்கறேன். எல்லாரும் உக்காருங்க, சாப்படலாம்." முதலாளிக்கு வேண்டிய வாசமும் வந்துவிடும், சின்னண்ணனும் தன் மனசுக்கு விரோதமாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அன்று சாத்திய கதவைக்கூட இன்னொரு வீட்டுக்காரி திறந்துவிட்டதாக இருக்கும். இதுதான் சரியான முடிவு. இரண்டு வருஷம் கழித்து, பாத்திரம் துலக்கும்போது தோன்றியது.

அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுப்புக்கு மூன்றடி தள்ளி நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

6

நோட்டில் கடைசி வரி: 'எண்ணெய் காய்ந்துவிட்டது. கடுகு டப்பாவைத் திறந்து'

அதோடு நிற்கிறது. ஏனென்றால் அந்த இடத்தில் நான் நிமிர்ந்தேன். சின்னண்ணன் வாணலியையும் பார்க்கவில்லை, முதலாளியையும் பார்க்கவில்லை. என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோட்ட மூடுங்க டீச்சர்."

பேனாவை மட்டும் மூடினேன்.

"நான் எது செஞ்சாலும் அது நாளைக்கு எழுத்தாயிருது. மூடிருங்க சாமி. அப்பறம் நான் பாத்துக்கறேன்."

மூடினேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். கருப்பண்ணன் வண்டியில் இப்போது சமைப்பது யார் என்பதும் தெரியும். முந்தைய எட்டுத் தடவையும் இந்த இடத்தைத் தாண்டி எழுதினேன், தாண்டியதால்தான் கிழித்தேன். முடிவில்லாமல் எப்படி என்று நீங்கள் கோபித்துக்கொண்டால், இதோ: எண்ணெய் காய்ந்திருக்கிறது, டப்பா திறந்திருக்கிறது, மணியன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார், ஏழெட்டுப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறார்கள். போடுவதோ விடுவதோ நீங்களே செய்யுங்கள். செய்தபின் யாரிடமும் சொல்லாதீர்கள்.

அந்தக் குழம்பை நானும் மணியனும் சாப்பிட்டோம். மறுசோறும் கேட்டு வாங்கினோம். என்னிடமிருந்து அவ்வளவுதான் வரும்.