பூட்டிய கொட்டகை

பள்ளிக்கூடம் விடும் மணி அடித்தபோது, அவள் வாங்க வந்த குட்டை ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல சிவப்பு, வயிற்றில் புழு இல்லை. பல், குளம்பு, மடி எல்லாம் சரி. தாடைக்கடியில் கட்டியும் இல்லை.

"ஏம்மா, போலீஸ்கூட இப்படிச் சோதனை போடாது," என்றார் ஆட்டுக்காரர்.

அவள் சிரிக்கவில்லை. போன முறை கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய ஆடு நோயோடு வந்து, வீட்டிலிருந்த ஆடுகளில் இரண்டைத்தான் மிச்சம் வைத்தது. அந்த இரண்டும் இப்போது சினை.

"மத்த ஆடுங்களையும் காட்டுங்கண்ணே."

"எல்லாம் மேயப் போயிருக்கும்மா. நீ கிளம்பு, இருட்டிடும்."

கயிற்றை அவள் கையில் திணித்தார். அப்போது பூட்டிய கொட்டகைக்குள் ஏதோ இருமியது. சற்றுப் பொறுத்து, இன்னொன்றும் இருமியது.

அவள் கயிற்றைக் கீழே போட்டாள்.

"அப்போ உள்ள இருமுறது யாருண்ணே?"