தரை தொடாத நாற்காலி

1954 நவம்பரில், பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஞானமேரியின் நாற்காலி மாதா கோயில் தரையிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பியது. எட்டு வருஷம் இறங்கவில்லை. அந்த வாரம் புதுச்சேரியில் நல்ல மழை, மீன் வரத்துக் குறைவு, அரிசி விலை கொஞ்சம் ஏறியிருந்தது. இதையெல்லாம் நம்புகிறவர்கள் நாற்காலியையும் நம்பிவிட்டுப் போகலாம். எந்தக் கோயில் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

அந்தக் கோயிலில் நடுக்கூடம் சாதிக் குடும்பங்களுக்கு. ஆளுக்கொரு பிரம்பு நாற்காலி, முதுகில் பித்தளைத் தகட்டில் பெயர். வடக்குச் சாரியில் சேரித்தெரு சனங்கள் வெறுந்தரையில் உட்கார்ந்து பூசை காண்பார்கள். அவர்கள் நாற்காலிக்கால் கோயில் தரையில் படக் கூடாது என்பது வழக்கம். யார் போட்ட வழக்கம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது; ஆனால் அதைக் காப்பாற்ற மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதில் கூத்து என்னவென்றால், அந்த நாற்காலிகள் அத்தனைக்கும் பிரம்பு பின்னுகிறவள் சேரித்தெரு ஞானமேரி. பின்னி முடித்தால் பின்னியவரே அதில் உட்கார்ந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், தொழிலில் அப்படி ஒரு முறை உண்டு. அதனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாதா திருவிழாவுக்கு முன்னால், ஆளில்லாத கோயிலில், பெரிய மனிதர்களின் நாற்காலி ஒவ்வொன்றிலும் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்து எழுந்திருப்பாள். வேலை நாளில் உட்கார்ந்தால் தொழில், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் குற்றம்.

அவளும் மாறாக ஒன்றும் சொன்னதில்லை, வயிற்றில் மூன்றாவது தங்கும் வரை. முதல் இரண்டும் நிற்கவில்லை. மருத்துவச்சி கொளஞ்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ள கீழ எறங்கி நிக்குதுடி. தரையில குந்தி எழுந்திரிச்சின்னா இதுவும் தங்காது, சொல்லிட்டேன்" என்றாள். மில்லில் வேலை செய்த ஞானமேரியின் புருஷன் சூசை சாது. "ஊட்லயே செபமாலை சொல்லேன். மாதா கேக்க மாட்டாளா?" என்றான்.

"கேப்பா. ஆனா பூசை ஊட்ல நடக்காதே" என்றாள் ஞானமேரி. "புள்ளைக்காவ பூசைய வுடணும், இல்ல பூசைக்காவ புள்ளைய வுடணும். ரெண்டையும் வுட மாட்டேன், போ."

கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் கால் ஆடும் நாற்காலி ஒன்று கிடந்தது. சூசை பயந்துகொண்டேதான் அதற்குக் காலடித்துக் கொடுத்தான், ஆனாலும் அடித்துக் கொடுத்தான். மிச்சப் பிரம்பை ஊறவைத்து அவள் பின்னினாள். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்ததும் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போய், மாதா சுரூபத்துக்கு எதிரே, நடுக்கூடத்துத் தூணோரம் போட்டு உட்கார்ந்தாள். கோயில் நிர்வாகத்துத் தலைவர் முசே பிரான்சுவா, பெயரும் முசே என்கிற மரியாதையும் பிரெஞ்சு, ஆள் உள்ளூர்ச் சாதிக் குடும்பம், கோர்ட்டில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், கைத்தடியோடு எழுந்து வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் நாற்காலி அவளோடு சேர்ந்து ஒரு சாண் மேலே போய் நின்றுவிட்டது.

முசே கைத்தடியை அடியில் விட்டுப் பார்த்தார். தடங்கலில்லாமல் அந்தப் பக்கம் போய் வந்தது. பூசை முடிந்து நிர்வாகம் கூடியது. சட்டம் தெரிந்தவர் அல்லவா, முசே யோசித்துச் சொன்னார்: "கால் தரையில படக் கூடாதுங்கறதுதான் வழக்கம். இது படல. அப்ப வழக்கம் மீறல." எல்லோரும் அப்பாடா என்று வீட்டுக்குப் போனார்கள். சனவரியில் பெண் பிறந்தது. ஆனந்தமேரி என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். குழந்தை சத்தம் சேரித்தெரு முழுக்கக் கேட்டது, கொளஞ்சிக்குப் புதுப்புடவை கிடைத்தது.

நாற்காலியைப் பார்க்க உழவர்கரையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், ஒரு வருஷத்தில் சலித்துப்போய் நின்றுவிட்டார்கள். பிரம்பு வேலையும் வழக்கம்போல அவளிடமே வந்தது. ஆனால் ஞானமேரிக்கு வரவர அது பிடிக்காமல் போயிற்று. சூசையிடம் ஒருநாள் அழுதேவிட்டாள். "காலு தொங்குதுய்யா. தரையத் தொடாத வரைக்கும் தான் என்ன வுட்டு வெச்சிருக்காங்க. நம்ம சனம் எல்லாம் கீழயே குந்தியிருக்குது, நான் மட்டும் அந்தரத்துல நிக்கறேன். இதுக்கா உக்காந்தேன்?" சூசை அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

1962 ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருவிழா. அன்று ஆனந்தமேரிக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை அப்பம் வாங்கும் சடங்கு. வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. மகளுக்கென்று ஞானமேரி சின்ன நாற்காலி ஒன்று பின்னியிருந்தாள். அதைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். குழந்தை ஏறி உட்கார்ந்தது. கோயிலே எட்டிப் பார்த்தது. நாலு காலும் தரையில் இருந்தன. கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள், அசையவில்லை.

முசே பிரான்சுவா கைத்தடியோடு வந்தார். அதிகாரமாகக்கூடப் பேசவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்: "உன்னோடது மெதக்குது, சரி. பொண்ணோடது தரையில இருக்கே, ஞானமேரி. புள்ளைய வடக்குப் பக்கம் அனுப்பிடு."

குழந்தை அம்மாவைப் பார்த்தது. ஞானமேரி நாற்காலியை விட்டுக் குதித்து இறங்கினாள். மாதாவைப் பார்த்து, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அம்மா, இத்தினி வருசம் தாங்கின, போதும். என்னுதையும் எறக்கி வுட்டுடு. எம்பொண்ணு ஒக்கார்ற தரையிலயே நானும் ஒக்கார்றேன். வர்றது வரட்டும்" என்றாள். நாற்காலி இறங்கியது. நாலு காலும் தரையில் பட்ட சத்தம் கடைசித் தூண் வரை கேட்டது. அவள் அதில் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன.

இப்போது வழக்கம் மீறியாகிவிட்டது, சந்தேகமே இல்லை. முசே கண்ணைக் காட்ட, தடித்தடியாக நாலு பேர் வந்து நாற்காலியைப் பிடித்துத் தூக்கினார்கள். எட்டு வருஷம் காற்றில் நின்ற நாற்காலி, இப்போது தரையை விடமாட்டேன் என்றது. சின்ன நாற்காலியும் அப்படியே. ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பீடத்திலிருந்த வெள்ளைக்காரச் சாமியார் திரும்பிப் பார்த்துவிட்டு, இலத்தீனில் விட்ட இடத்திலிருந்து பூசையைத் தொடர்ந்தார். ஆனந்தமேரி நன்மை வாங்கிக்கொண்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தது. ஞானமேரி முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்தான்.

மறுநாள்தான், கொடி மாறி எட்டு வருஷம் கழித்து, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அடுத்த ஞாயிறு சேரித்தெருவிலிருந்து முக்காலி, மணைக்கட்டை, பெஞ்சு என்று கையில் அகப்பட்டதோடு வந்து நடுக்கூடத்தில் போட்டு உட்கார்ந்தார்கள். தூக்கிப் பார்க்க யாரும் வரவில்லை. கோயில் கூட்டுகிறவளுக்கு மட்டும் குறை. மிதந்தபோது விளக்குமாறு அடியில் சுலபமாகப் போய் வந்ததாம்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், முசே பிரான்சுவா பிரம்பு அறுந்த தன் நாற்காலியைத் தானே சுமந்துகொண்டு சேரித்தெருவுக்கு வந்தார். வேலை முடிகிற வரை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். ஞானமேரி பின்னி முடித்தாள். முறைப்படி, அவர் கண்ணெதிரே அதில் உட்கார்ந்தாள். பிரம்பு இறுகுவதற்கு வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உட்கார்ந்திருந்தாள்.

"மெதக்காதே?" என்று கேட்டார் முசே.

"மெதக்காது முசே. தரையில நிக்கும்" என்று எழுந்தாள்.

அவர் பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார்.