கயாவில் விட்ட காய்

2024 டிசம்பர் 16, திங்கட்கிழமை, மார்கழி பிறந்தது. அன்று காலை ஸ்ரீரங்கத்தில், தன் வீட்டுக் கொல்லையில், பெரியண்ணன் கோலமாவால் எட்டுப் பாத்திகள் வரைந்தார்.

மார்கழியில் விதை போடக் கூடாது என்பது அவர் மனைவி பானுமதியின் கட்சி. யோசிக்கத் தடையில்லை. ஆகவே தை பிறக்கும்வரை காய்கறித் தோட்டத்தைத் திட்டமிடுவது என்று முடிவானது. பெரியண்ணன் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். குறி போடாமல் எதிலும் கைவைத்துப் பழக்கமில்லை. வாசலில் பானுமதி கோலம் போடும் நேரத்தில், கொல்லையில் இவர் கயிறு பிடித்துக் கோடு இழுத்தார். மறுநாள் பார்த்தால் தக்காளிப் பாத்தி முழுவதையும் வெண்டைப் பாத்தியில் பாதியையும் எறும்பு தின்றிருந்தது.

"அரிசி மாவை எடுத்திருக்கீங்க. கல்மாவு பச்சை டப்பால இருக்கு," என்றார் பானுமதி.

திட்டம் கல்மாவில் மறுபடி வரையப்பட்டது.

ஒரு மூலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இருவருக்கும் உடன்பாடு வந்தது. அது துணி துவைக்கிற தண்ணீர் வந்து சேரும் கிழக்கு மூலை. நல்ல வெயிலும் அங்கேதான். அங்கே ரஸ்தாளி வாழை வைக்க வேண்டும் என்பது பெரியண்ணனின் ஆசை. பானுமதி அதே இடத்தில் பாகல் பந்தல் கேட்டார். பெரியண்ணனுக்குச் சர்க்கரை கூடியிருந்தது. டாக்டர் பாகற்காய் சாப்பிடச் சொல்லியிருந்தார்.

"பாகல் எதுக்கு? நான்தான் கயாவுல விட்டுட்டேனே," என்றார் பெரியண்ணன்.

இதற்கு மேல் பானுமதியால் பேச முடியாது. காசி, கயா போகிறவர்கள் ஆசையாகத் தின்னும் காய் ஒன்றை அங்கே விட்டுவிட்டு வருவது வழக்கம். அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன் போனபோது பானுமதி கத்தரிக்காயை விட்டார். எண்ணெய்க் கத்தரிக்காய் என்றால் அவருக்கு உயிர். பெரியண்ணன் பாகற்காயை விட்டார். அதற்கு முன்பும் அவர் பாகற்காயைத் தொட்டதில்லை. அது தெரிந்தும், விட்டது விட்டதுதான் என்று பானுமதி அன்றிலிருந்து கடையில் பாகற்காயை ஏறெடுத்தும் பார்க்கவில்லை; டாக்டர் சொன்னதால்தான் இப்போது பந்தல் பேச்சை எடுத்தார்.

வாழைக்கன்று கேட்கப் பக்கத்து வீட்டு பீமராவை அழைத்து வந்தார் பெரியண்ணன். பீமராவ் வீட்டில் மராத்தி பேசுகிறவர். வங்கியில் வேலை பார்த்தவர். அதே யாத்திரைக்கு இவர்களோடு வந்தவர். அவர் வீட்டுக் கொல்லையில் எப்போதும் ஒரு வாழைத் தார் தொங்கும்.

கிழக்கு மூலையில் பெரியண்ணன் வாழைக்குப் போட்டிருந்த வட்டத்தைப் பார்த்து, "இது என்ன சார்?" என்றார் பீமராவ்.

"ரஸ்தாளி. உங்க வீட்டுக் கன்று ஒண்ணு கொடுத்தீங்கன்னா போதும்."

"யாருக்கு? தங்கச்சிக்கா?" என்று பானுமதியைக் காட்டினார் பீமராவ்.

"எனக்குத்தான். தினம் ராத்திரி ஒரு பழம் இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

பீமராவ் கையெடுத்துக் கும்பிடாத குறை. "சார், நீங்க வாழையைக் கயாவுல விட்டவராச்சே! அதனாலதானே தார் வெட்டுறப்பல்லாம் தெரு பூரா கொடுத்துட்டு உங்க வீட்டை மட்டும் விட்டுடறேன். கண்ணுல காட்டக் கூடாதுன்னு."

"அதான் கொடுக்கலையா? நாங்க வேற மாதிரி நெனச்சோம்," என்றார் பானுமதி.

"நான் விட்டது பாகற்காய்ங்க," என்றார் பெரியண்ணன்.

"இல்லையே சார். அங்க சடங்கு பண்ணிவச்ச பண்டா 'என்ன காய்?'னு ஹிந்தியில கேட்டாரு. பக்கத்துல தமிழ் தெரிஞ்சவர் இருந்தாரு. நீங்கதான், 'எனக்கு ஹிந்தி தெரியும், ஜான்சியில ரெண்டு வருஷம் இருந்தவன்'னு அவரைத் தள்ளிவிட்டுட்டு, 'கேலா'ன்னு சத்தமா சொன்னீங்க."

"ஆமா. கேலா. பாகற்காய்."

"பாகற்காய் கரேலா சார். கேலான்னா வாழை."

முதலில் சிரித்தவர் பானுமதி. சிரிப்பை அடக்கக் கிணற்றடிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"அப்போ கயாவுல விட்டதை மூணு வருஷமா திருச்சியில தின்னுட்டிருக்கீங்க."

"மனசுல நெனச்சது பாகற்காய்தானே, பானு? சாமிக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். பிடிக்காததைத் தலைமுழுகிட்டு வந்துடலாம்னு நெனச்சதும் சேர்த்தே தெரியும்."

பெரியண்ணன் பீமராவ் பக்கம் திரும்பினார். "சரி, வாழைக்காயை விட்டேன்னே வச்சுக்குவோம். பழம் வேறதானே?"

"கேலான்னா ரெண்டும்தான் சார்," என்றார் பீமராவ் வருத்தத்தோடு. "பூ, தண்டு பத்தி எனக்குச் சரியாத் தெரியல."

மறுநாள் பெரியண்ணன் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போய், அங்கே தர்ப்பணம் பண்ணிவைக்கும் புரோகிதர் ஒருவரிடம் முறையிட்டார். அவர் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஸ்வாமி, க்ஷேத்ரத்துல வாயால சொன்னதுதான் சங்கல்பம். மனசுல இருந்ததை யார் கேட்டா?"

"தெரியாம சொல்லிட்டேங்க."

"தெரியாம விட்டாலும் புண்ணியம் உண்டு. தெரிஞ்சப்புறம் தின்னா பாபம். இன்னிலேர்ந்து நிறுத்திடுங்கோ."

"பாகற்காய்?"

"அதை நீங்க விடவே இல்லையே. தாராளமா சாப்பிடலாம்."

வீட்டுக்கு வந்தபோது கிழக்கு மூலையின் வட்டம் அழிக்கப்பட்டு, நாலு புள்ளி வைத்து ஒரு சதுரம் போடப்பட்டிருந்தது. கோடு அவருடையதைவிட நேராக இருந்தது. அவர் சதுரத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, பந்தல் கால் எங்கெங்கே ஊன்ற வேண்டும் என்று குறி போட்டார்.

பொங்கல் கழிந்த வாரம் பாகல் விதை ஊன்றினார்கள். பங்குனியில் காய்த்தது. வாரத்தில் மூன்று நாள் பாகற்காய்க் கறி வைக்கிறார்கள். பெரியண்ணன் அதைத் தயிர் விட்டுச் சாப்பிடுகிறார்.