வாசல்காரனின் நாக்கு

உள்ளங்கையில் அந்த நாக்கு, அரம் போலச் சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக, விரலிடுக்கெல்லாம் துழாவிவிட்டு ஒரு பெருமூச்சோடு விலகிக்கொள்ளும் நாக்கு, இப்போதும் நக்கிக்கொண்டுதான் இருக்கிறது, மழவராயர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், புது அரசனின் முடிசூட்டுக்குப் புறப்பட வேண்டிய காலை, சோறு ஆறுகிறது, மனைவி உமையாழ்வி விசிறியோடு எதிரே நிற்கிறாள், சாப்பிடுங்கள் என்கிறாள், அவர் கையைச் சோற்றில் வைக்கிறார், யாளி கையை நக்குகிறது, அந்த யாளிதான் கோட்டை விழுந்த அன்றே செத்துப் போயிற்றே, செத்தது எப்படி நக்கும், இதைப் போய் யாரிடம் கேட்பது.

முகிலிக்கோட்டையின் வடக்கு வாசலுக்கு அந்த யாளிதான் காவல், யானை உயரம், சிங்க முகம், ஊரே அதை வாசல்காரன் என்றுதான் கூப்பிடும், வருகிறவன் கையை நீட்ட வேண்டும், அரசரின் உப்பு பட்ட கை என்றால் நக்கிப் பார்த்து வழிவிடும், இல்லையென்றால் அந்தக் கை அப்புறம் அவனுக்கு இல்லை. அந்த உப்பை அரசர் சேந்தனார் தம் கையாலேயே அள்ளித் தருவார், வருஷத்துக்கு ஒருமுறை, மாசி நிலவில், பிரபு வீட்டுக்கு ஒரு சாடி, கோயில் உப்பளத்தில் விளைந்த இளஞ்சிவப்பு உப்பு, அந்த வீட்டு உலையில் அது ஒன்றுதான் விழும், சந்தை உப்பு பிரபு வீட்டுப் படியேறினால் அதைவிட மானக்கேடு வேறில்லை. மழவராயரும் அதைத் தின்று வளர்ந்தவர்தான், அவர் அப்பனும் பாட்டனும் தின்றவர்கள்தான், தின்ற உப்பு உடம்பில் ஒட்டவில்லை என்றால் யார் என்ன செய்ய முடியும், ஒரு நாள் சபையில், மழவராயர் தனக்கென்று எதிர்பார்த்திருந்த யானைக்காட்டைத் தம் மருமகனுக்குக் கொடுத்துவிட்டுச் சேந்தனார் சிரித்துக்கொண்டே சொன்னார், மழவராயருக்கு வயிறு பெருத்துவிட்டது, காட்டில் நடந்தால் மூச்சு வாங்கும், பாவம், சபையே சிரித்தது, இவரும் சேர்ந்து சிரித்தார், வயிற்றைத் தட்டிக்கூடக் காட்டினார், ஆனால் அந்தச் சிரிப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

அதற்குப் பிறகு எல்லாம் வெகு சுலபமாக நடந்துவிட்டது, அதுதான் இன்றைக்கும் அவருக்கு ஆச்சரியம், வடகரை அரசனின் ஆட்கள் வைக்கோல்காரர்களாக வந்தார்கள், உச்சி வெயில், கோட்டையே சாப்பாட்டில் இருந்தது, புளியமரத்தடியில் அவர் சாடியோடு நின்று ஒவ்வொரு உள்ளங்கையிலும் உப்பை வைத்து அழுத்தித் தேய்த்தார், பிரசாதம் கொடுப்பதுபோல, வைத்துவிட்டு அவரே முதலில் போய்க் கையை நீட்டினார், வாசல்காரன் நக்கியது, குட்டியிலிருந்து தெரிந்த கையாயிற்றே, தலையால் அவர் தோளை ஒரு முட்டு முட்டிவிட்டு அடுத்த கைக்குப் போயிற்று, எல்லாக் கையையும் நக்கி எல்லோருக்கும் வழிவிட்டது, கடைசியாக வந்தவன் ஈட்டியை அதன் தொண்டையில் இறக்கியபோதுகூட வெளியே நீட்டிய நாக்கை அது உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. பொழுது சாய்வதற்குள் சேந்தனாரும் போய்விட்டார். யாளிக்கு வயதாகிவிட்டது, நாக்குச் செத்துவிட்டது, அதனால்தான் மோசம் போனோம் என்று மழவராயர் நாலு பேரிடம் சொன்னார், நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள், முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் அழகாக மறைந்துகொண்டது.

உமையாழ்விக்கு மட்டும் தெரியக்கூடாது, அவர் பயமெல்லாம் அது ஒன்றுதான், ஊர் தெரிந்து காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளலாம், அவள் சேந்தனாரின் தாய் மடியில் வளர்ந்தவள், அவரை வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிட்டவள், அண்ணன் வந்தால் மோர்க்குழம்பு வைத்துப் பக்கத்தில் நின்று பரிமாறுகிறவள். அவளோ ஒன்றும் கேட்கவில்லை, அழுதாள், பிறகு அழுகையும் நின்றது, வேளாவேளைக்கு இலை போட்டாள், தானும் அதையே சாப்பிட்டாள். அவருக்குத்தான் அன்றிலிருந்து எதுவும் ருசிக்கவில்லை, குழம்பும் வெந்நீரும் ஒன்றாக இருந்தன, வைத்தியர் வந்து பார்த்துப் பித்தம் ஏறி நாக்கு மரத்துவிட்டது என்றார், மழவராயருக்கு வேறு எண்ணம், செத்த நாக்கு என்று யாளியின் மேல் பழி போட்டோம், அது தன் நாக்கை என் வாயில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது, இருக்கட்டும், போனது நாக்குத்தானே, தலை இருக்கிறதே, மலிவாகத்தான் முடிந்தது, இப்படி நினைத்தபோதும் அவருக்கு நிம்மதியாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை, மரத்துப்போன காலை வேறு யாருடையதோ என்று பார்ப்பதுபோலத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை இலையை அளைந்துவிட்டு எழுந்து முடிசூட்டுக்குக் கிளம்பியவருக்கு ஆற்றங்கரையில் ஓடம் வரத் தாமதமாயிற்று, வெயிலில் தலை சுற்றியது, ஓடக்காரி ஒருத்தி கலயத்தில் கஞ்சி கொடுத்தாள், ஒரு வாய் குடித்தார், அவ்வளவுதான், நாக்கு துள்ளி விழித்துக்கொண்டது, உப்பு, நல்ல கரிப்பு, காது வரைக்கும் ஏறியது. உப்புக் கூடிப் போச்சுங்களா ஐயா என்று அவள் கேட்டாள், இல்லை என்றார், இன்னொரு வாய் குடித்தார், நாக்கு சாகவே இல்லை, அப்படியானால் வீட்டில், என்று தொடங்கிய நினைப்பு கால் வைத்துக் கால் வைத்து மெல்ல மேலேறி வந்தது, சாடி, காலிச் சாடியை வாய்க்குத் துணி கட்டி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார், எத்தனை பெரிய சாமர்த்தியம், காவலர்களை யோசித்தார், வெயிலை யோசித்தார், வைக்கோலை யோசித்தார், ஆயுளில் அடுக்களை வேலை எதுவும் பார்த்ததில்லை என்பதால் அந்தச் சாடிக்குள் தினமும் ஒரு கை போய் வரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. பயம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. ஓடக்காரியிடம் ஒரு கை உப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஓடம் வந்து நின்றும் ஏறாமல், வந்த வழியே திரும்பி நடந்தார்.

வீட்டு வாசலில் உமையாழ்வி நின்றுகொண்டிருந்தாள், படியேறாமல் அவர் கையை நீட்டினார், வாசல்காரனிடம் நீட்டுவதுபோலவே, உள்ளங்கை மேலே. அவள் குனிந்து பார்த்தாள். இது யார் கொடுத்த உப்பு என்றாள். ஓடக்காரி என்றார். சந்தை உப்பு இந்தப் படி ஏறியதில்லை என்றாள், கோபமாகக்கூட இல்லை, வழக்கத்தை நினைவுபடுத்துவதுபோல. உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். அன்றைக்கே, சாயங்காலம் அண்ணன் சாப்பிட வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார், மோர்க்குழம்பைக் கூட்டிவிட்டுச் சாடிக்குள் கையை விட்டேன் என்றாள். இத்தனை நாள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றார். சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன், வேளாவேளைக்கு, என்றாள் உமையாழ்வி.

இலை போடட்டுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள். அவர் படிக்குக் கீழேயே நின்றார், நீட்டிய கை நீட்டியபடி, வியர்வையில் உப்பு கசிந்து விரலிடுக்கில் இறங்குகிறது, உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கிறது, அவர் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார், இத்தனை நாள் ஓயாமல் நக்கிக்கொண்டிருந்த நாக்கு இப்போது வரவில்லை, இந்தக் கையை நக்கிப் பார்த்து உள்ளே போ என்று விலகிக்கொள்ள அந்த வாசலில் யாரும் இல்லை.